ஒரு லேப்டாப், இரண்டு குடித்தனம்

“வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, அக்கா. உருப்படியாக ஒன்றும் இல்லை” என்று ஒரு வாசகி குறைப்பட்டு எழுதியிருக்கிறார்.

கணவருக்கு ஒரு மேஜைக் கம்ப்யூட்டர். கடைக் கணக்கு முழுக்க அதில்தான், டாலியில். மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் இன்னொன்று. பாட்டரி போய்விட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடுகிறது. ஆனால் மகளின் சின்ன வயசுப் போட்டோ எல்லாம் அதற்குள்தான். மூன்றாவது, மகன் கல்லூரிப் பாடத்துக்கென்று லினக்ஸ் போட்டு வைத்திருக்கும் பழைய பெட்டி. கூடத்தில் பாதி இடம் ஒயருக்கே போய்விடுகிறதாம். “எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே லேப்டாப் வாங்கினால் போதுமா? விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒன்றிலேயே போடலாம் என்று பையன் சொல்கிறான். நம்பலாமா?” என்று கேட்கிறார்.

நம்பலாம், சகோதரி. பையன் சொல்வது சரிதான். ஆனால் அவன் சொல்லாமல் விட்டது சில உண்டு. அதையும் தெரிந்துகொண்டு பணத்தை எடுங்கள்.

அது என்ன இரண்டு?

கம்ப்யூட்டரை வெறும் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குடியிருந்து விளக்கு போட்டு, தண்ணீர் திறந்து, வந்தவரை உட்கார வைத்துக் குடும்பம் நடத்துவதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் இன்னொன்று. ஒரே லேப்டாப்பில் இடத்தைப் பிரித்து இரண்டையும் குடிவைக்கலாம். பொத்தானை அமுக்கியதும் திரையில் ஒரு பட்டியல் வரும். எது வேண்டுமோ அதில் அம்புக்குறியை நிறுத்தி எண்டர் தட்டினால் அது திறந்துகொள்ளும். சில விநாடி சும்மா இருந்தால் முதலில் இருப்பது தானே தொடங்கிவிடும்.

ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடும். விண்டோஸில் இருப்பவர் லினக்ஸுக்குப் போக வேண்டுமானால் லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். இப்போதைய எஸ்.எஸ்.டி. வைத்த லேப்டாப்பில் அது ஒன்றிரண்டு நிமிஷ வேலை.

இது ஏதோ புதுசு என்று மிரள வேண்டாம். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த லேப்டாப்களிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது அந்த பாஸ். பல வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கேரளத்திலோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள்.

இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா?

முதலில் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணுவதை விடுங்கள். எத்தனை வேலை என்று எண்ணுங்கள். மளிகைச் சீட்டு எழுதுவது மாதிரி ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எது தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

டாலிக் கணக்கு, போட்டோஷாப், சில விளையாட்டுகள் — இவற்றுக்கு விண்டோஸ் வேண்டும். மகனின் புரோகிராம் பாடத்துக்கு லினக்ஸ் சௌகரியம். கடிதம் அடிப்பது, இன்டர்நெட் பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, படம் பார்ப்பது, வீட்டுக் கணக்கு — இவை இரண்டிலும் நடக்கும். லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது; இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் போட்டுக்கொள்ளலாம். அங்கே எழுதியதை இங்கே திறக்கலாம். தமிழ்99 கீபோர்டும் இரண்டு பக்கமும் கிடைக்கும். தமிழில் அடிக்கத் தடையில்லை.

தாளில் எல்லாமே ‘இரண்டிலும் நடக்கும்’ என்று வந்துவிட்டால் உங்களுக்கு ஒரு குடித்தனமே போதும். வீண் வேலை வேண்டாம். நம் வாசகி வீட்டில் டாலியும் இருக்கிறது, மகன் பாடமும் இருக்கிறது. அதனால் இரண்டும் வேண்டும்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 14-10-2025 அன்று முடிந்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கென்று ஒரு பாதுகாப்புச் சில்லும் புதிய ரகப் பிராசஸரும் கேட்கும். கடைக் கணக்கும் பாங்க் வேலையும் நடக்கிற பெட்டியைக் காவல் இல்லாமல் விட்டுவைக்கக் கூடாது. அந்த வாசகியின் கணவர், “ஓடற வரைக்கும் ஓடட்டுமே” என்கிறாராம். ஓடும், ஐயா. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத வீட்டிலும் குடியிருக்கலாம்தான்!

லினக்ஸில் உபுண்டு, மின்ட் என்று பல வகை. புதியவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று சுலபம். இரண்டும் இலவசம். உபுண்டுவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஏப்ரல் மாதம் நீண்ட காலப் பதிப்பு ஒன்று வரும். அதற்கு ஐந்து வருஷம் இலவசப் புதுப்பிப்பு உண்டு. அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

கடையில் என்ன கேட்பது?

ரேம் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம். 16 இருந்தால் நிம்மதி. உள்ளே 512 ஜிபி எஸ்.எஸ்.டி. இருக்கட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் விண்டோஸ் அதை 476 என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். அவர் ஏமாற்றவில்லை; எண்ணுகிற முறை வேறு.

அந்த இடத்தை இப்படிப் பிரிக்கலாம்: விண்டோஸுக்கு 200 ஜிபி, லினக்ஸுக்கு 80 ஜிபி, மிச்சம் பொதுவில். போட்டோ, பாட்டு, மார்க்‌ஷீட், பத்திரங்களின் நகல் எல்லாம் அந்தப் பொது இடத்தில் இருக்கட்டும். அதை விண்டோஸ் முறையில் அமைக்க வேண்டும். விண்டோஸின் இடத்தை லினக்ஸ் படிக்கும். லினக்ஸின் இடத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது. அதனால்தான்.

முதலில் போட்டோ, பிறகுதான் மற்றது

இனிமேல் சொல்லப்போவதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள்.

மூன்று பெட்டி இருந்தவரை, உங்களுக்குத் தெரியாமலே ஒரு பாதுகாப்பு இருந்தது. ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டில் இருந்தவை பிழைத்தன. ஒரே லேப்டாப் என்று ஆனபிறகு அது இல்லை. “அதான் இரண்டு சிஸ்டம் இருக்கே, ஒன்று போனா இன்னொன்று இருக்காதா?” என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இருக்காது! குடித்தனம் இரண்டானாலும் கூரை ஒன்று. எஸ்.எஸ்.டி. கெட்டாலும், காப்பி கொட்டினாலும், ரயிலில் பையோடு திருட்டுப் போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். பொது இடமும் அதே கூரையின் கீழ்தான்.

ஆகவே பழைய பெட்டிகளில் கை வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். முக்கியமானவை மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு வேறு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். லேப்டாப்பில் ஒன்று, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அம்மா வீட்டுப் பீரோவிலோ இன்டர்நெட் சேமிப்பிலோ ஒன்று. இவ்வளவுதான் கணக்கு.

நகல் எடுத்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் போட்டோவைத் திறந்து பாருங்கள். கல்யாணப் படம், பெரியவர்களின் படம், குழந்தையின் முதல் பிறந்தநாள் — இவை திறக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் பழசை அழிக்கச் சம்மதிக்க வேண்டும். டாலிக் கணக்கையும் புது லேப்டாப்பில் ஏற்றி, ஒரு மாத இருப்பு சரியாக வருகிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாஃப்ட்வேரை இன்னொரு தரம் போட்டுக்கொள்ளலாம். தாத்தா சிரித்த படத்தை இன்னொரு தரம் எடுக்க முடியாது.

வேலை செய்ய வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

மகனே செய்யட்டும், கடைப் பையன் வந்து செய்யட்டும். பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஆறையும் கேளுங்கள். “இந்த அக்காவுக்கு விஷயம் தெரியும்” என்று தெரிந்தாலே வேலை சுத்தமாக நடக்கும்!

1. ‘விண்டோஸின் மீட்பு எண் எங்கே?’ இப்போதைய லேப்டாப் பலவற்றில் எஸ்.எஸ்.டி. தானாகவே பூட்டு போட்டுக்கொண்டிருக்கும். லினக்ஸ் போடும்போது அது சந்தேகப்பட்டு 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். இல்லாவிட்டால் திறக்காது. அந்த எண்ணை முன்கூட்டியே எடுத்து, தாளில் எழுதி, பத்திரத்தோடு வையுங்கள்.

2. ‘விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகுதானே?’ இந்த வரிசையில் செய்தால் தொடக்கப் பட்டியல் தானாக அமையும். மாற்றிச் செய்தால் விண்டோஸ் தன்னை மட்டுமே முன்னால் நிறுத்திக்கொள்ளும்.

3. ‘போடுவதற்கு முன்னால் பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டுங்கள்.’ உபுண்டு, மின்ட் இரண்டையும் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, வீட்டு பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். புடவையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவோமா?

4. ‘இடத்தை விண்டோஸின் உள்ளேயிருந்தே சுருக்குகிறீர்களா?’ அதற்கென்று விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. அதுதான் பத்திரம். ‘டிஸ்க் முழுவதையும் அழித்துப் போடு’ என்று ஒரு விருப்பமும் லினக்ஸ் போடும்போது திரையில் வரும். அதில் விரல் பட்டு ஒப்புதலும் கொடுத்துவிட்டால் விண்டோஸும் அதிலுள்ளவையும் காலி.

5. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டீர்களா?’ அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் பக்கம் போனால் பொது இடத்தில் எதையும் எழுத விடாது. “நேற்று சேமித்தது எங்கே?” என்ற கலாட்டா பாதி இதனால்தான்.

6. ‘கடிகாரம்?’ லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் சில சமயம் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை! லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வரிக் கட்டளையில் சரியாகும். போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எப்போதாவது விண்டோஸ் பெரிதாகப் புதுப்பித்துக்கொண்ட பிறகு அந்தத் தொடக்கப் பட்டியல் வராமல் நேரே விண்டோஸ் திறக்கலாம். பதற வேண்டாம். பெரும்பாலும் லினக்ஸும் உங்கள் ஃபைல்களும் அங்கேயேதான் இருக்கும். வரிசைதான் மாறியிருக்கும், தெரிந்தவர் சில நிமிஷத்தில் சரி செய்துவிடுவார்.

நாலு பேருக்கு ஒன்று

இப்போது கொஞ்சம் மனசு விட்டுப் பேசலாம். மூன்று பெட்டி ஒன்றாகிறது, சரி. அந்த ஒன்று யாருடையது?

அநேக வீடுகளில் நடப்பது இதுதான். அவருக்குக் கணக்கு, பையனுக்குப் பாடம், பெண்ணுக்குப் பரீட்சை. “உனக்கென்னம்மா, போன் இருக்கே!” என்று சொல்லிவிடுவார்கள். நாமும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவோம். ஆன்லைனில் தையல் டிசைன் பார்க்க நினைத்தவர், நின்றுபோன டிகிரியைத் தபால் வழியில் முடிக்க நினைத்தவர், ஊறுகாய் வியாபாரத்துக்குக் கணக்கு வைக்க நினைத்தவர் எல்லாம் ஐந்து அங்குலத் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம்.

லேப்டாப் வந்த அன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஆளுக்கொரு கணக்கும் ஆளுக்கொரு கடவுச்சொல்லும். உங்கள் பெயரிலும் ஒன்று இருக்க வேண்டும். பிள்ளைகளின் கணக்கில் புதிதாக எதையும் ஏற்றவோ அழிக்கவோ அதிகாரம் வேண்டாம். இரண்டாவது, ஒரு நேர அட்டவணை. காலை பத்தரைக்கு வீடு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் உங்களுடையது என்று எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதில் தப்பில்லை.

அட்டவணை போடும்போதே ஒன்று தெரிந்துவிடும். அவர் கடைக்கு எடுத்துப் போக வேண்டும், அதே நேரத்தில் மகளுக்கு வீட்டில் வகுப்பு என்றால் ஒரு லேப்டாப் போதாது. அப்போது பழையதில் நல்லதாக ஒன்றைத் தள்ளாமல், அதில் லினக்ஸ் மட்டும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழசும் எளிய ரக லினக்ஸில் எழுத, படிக்க உதவும். சிக்கனம் என்று நாலு பேரைச் சண்டைக்கு இழுத்துவிடுவது சிக்கனம் ஆகாது.

கழுத்து, கண், கட்டில்

லேப்டாப்பின் திரை தாழ்ந்திருக்கும். குனிந்தே பார்த்தால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். தடித்த புத்தகங்கள் நாலை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை உயர்த்துங்கள். பழைய மேஜைக் கம்ப்யூட்டரின் கீபோர்டும் மவுஸும் யுஎஸ்பி வகையாக இருந்தால் புதிதிலும் வேலை செய்யும். அவற்றைச் செருகிக்கொண்டால் கை தாழ, கண் நேர் என்று அமைந்துவிடும். மானிட்டரும் நன்றாக இருந்தால் அதையும் இணைத்துக்கொள்ளலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, இருபது அடி தள்ளி இருக்கும் ஒன்றை இருபது விநாடி பாருங்கள். ஜன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தால் பாக்கியம்!

மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறும். கைக்குழந்தைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

பழசை என்ன செய்வது?

மேஜைக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 150 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினம் நாலு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். 40 வாட் இழுக்கும் லேப்டாப்புக்கு அதே நேரத்தில் 10 யூனிட்டுக்குள்தான். இது ஒரு லாபம்.

பழைய பெட்டிகளிலுள்ள ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப் டிஸ்குக்கு யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டால் வெளியே செருகும் டிஸ்காக ஆகிவிடும். நகல் வைக்க ஒன்று கூடுதலாகக் கிடைத்தது! வயதான டிஸ்க் என்பதால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். மேஜைக் கம்ப்யூட்டர் டிஸ்க் பெரியது. அதற்குத் தனி மின் இணைப்போடு வரும் கேஸ் வேண்டும். பெட்டியை டிஸ்கோடு யாருக்காவது கொடுப்பதானால், சும்மா ‘டிலீட்’ அடித்தது போதாது. அழித்த போட்டோவை மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் தாராளமாகக் கிடைக்கிறது. டிஸ்க் முழுக்க மேலெழுதி அழிக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பாட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ, அமுக்கவோ, அடுப்பங்கரைப் பக்கம் வைக்கவோ கூடாது. தீப்பிடிக்கும். குழந்தை கைக்கு எட்டாமல் வைத்து, சீக்கிரம் ஒப்படைத்துவிடுங்கள். பெட்டிகளைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடமும் போட வேண்டாம். செம்புக்காக ஒயரை எரித்தால் அந்தப் புகை நம் பிள்ளைகள் மூச்சில்தான் கலக்கும். 1-4-2023 முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமோ, பழசை வாங்கிக்கொள்ளும் கம்பெனியிடமோ கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஆக, நம் வாசகிக்கு என் யோசனை இது. இந்த வாரம் லேப்டாப் வாங்கப் போக வேண்டாம். ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, பாட்டரி போன அந்த லேப்டாப்பை ஒயரிலேயே வைத்து, மகளின் போட்டோக்களை முதலில் இறக்குங்கள். ஒயர் இடறி அணைந்துவிடாமல் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த வாரம் மகனும் நீங்களுமாகப் பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். அதற்கடுத்த வாரம் கடைக்குப் போகலாம். போகும்போது உங்கள் வேலையும் எழுதிய அந்தத் தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அடுத்த இதழில்: வீட்டிலுள்ள ஒயர், பிளக், எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் — எதில் எதைச் செருகலாம், எதில் கூடாது?